குட்டிகள் கத்தும் நேரம்

காளீஸ்வரனைப் பற்றி வெம்பக்கோட்டைப் பக்கம் விசாரித்தால் ஒரே பதில்தான் வரும்: ஆளு ஒரு மாதிரி. என்ன மாதிரி என்று கேட்டால் ஒருத்தருக்கும் விளக்கத் தெரியாது. பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டான், எதிராளியின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துப் பேசுவான். சோற்றில் காய் பட்டுவிட்டால் தட்டை நகர்த்தி வைத்துவிடுவான். ஆடு வாங்க வருகிறவனிடம் "இதுக்குக் கால்ல நோவு இருக்கு" என்று தானே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்வான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் செம்மறி வளர்ப்பவர்களில் அவன் ஆடுதான் கண்ணுக்கு நிறைவு என்பதை மட்டும், அவனைக் கேலி பேசிப் பொழுதைக் கழிக்கிறவர்களும் மறுக்க மாட்டார்கள்.

கல்யாணத்தன்றே இந்த 'ஒரு மாதிரி' சந்தி சிரித்துவிட்டது. பெண் இசைவாணி விஸ்வநத்தத்துக்காரி. அவளுடைய அண்ணன் அன்பரசன் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பட்டாசு செய்கிற ஊரில் தங்கச்சி கல்யாணத்துக்கு வெடி போடாமல் விட்டால் அவன் மறுநாள் எந்த முகத்தோடு கம்பெனிக்குள் நுழைவான்? கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரைக்கும் சரவெடியை விரித்துப் பற்றவைத்தான். முதல் வெடி வெடித்ததுதான் தாமதம், மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக ஓட்டம் பிடித்தான். தேடிப் போனவர்கள், மண்டபத்துக்குப் பின்னால் அண்டாக்கள் அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தவனைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். இசைவாணிக்குப் பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

ஆனால் அவனோடு குடித்தனம் நடத்தியவள் அவள்தானே, ஊர் இல்லையே. குடி இல்லை, அடி இல்லை, ஒளிவுமறைவு இல்லை. ஒரு தடவை புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு "நல்லாருக்கா?" என்று கேட்டாள். "இல்ல. அந்தப் பச்சைதான் நல்லாருந்துச்சு" என்றான். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சைச் சேலை கட்டிய நாளில் அவன் பார்க்கவே இல்லை என்றல்லவா நினைத்திருந்தாள்! அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதில் சந்தேகமே வேண்டாம்.

2006ஆம் வருஷத்துப் பங்குனியில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஒரே ஒரு இரவு இருந்துவிட்டுப் போய்விட்டது. யாரையும் குறை சொல்ல முடியாத சாவு. பிள்ளைக்கு மூச்சுப்பை சரியாக வளரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இசைவாணி பிரசவத்தில் ரத்தம் போய் மயங்கிக் கிடந்தாள். கண்விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையின் முகத்தைக்கூட அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை. "பாத்தா மறக்க முடியாது தாயி, அடுத்த வருசமே உனக்கு ஒண்ணு குடுப்பான் கடவுள்" என்று தலையைத் தடவினார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னவர்கள்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற கொடுமைக்குத்தான் மறுபேச்சுப் பேச முடியாது.

துணியில் சுற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தது காளீஸ்வரன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை என்று கூடப் போனவர்கள் வந்து சொன்னார்கள்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தெருப் பெண்கள் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருகிறவள் இழந்தவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும், இருவருமாகத் தலையோடு தலை சேர்த்து அழ வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். மாமியார் கருப்பம்மாள் நடுவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். அழுகை உச்சத்துக்குப் போன நேரத்தில் இசைவாணி நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நின்றிருந்த காளீஸ்வரன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினான். பிறகு திரும்பி ஆட்டுப்பட்டியை நோக்கி ஓடியே போய்விட்டான். பெற்ற பிள்ளையின் இழவுக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் மனுஷனா? அந்தக் கேள்வி அவளுக்குள் அன்றைக்கு விழுந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்கிற செய்தி உடம்புக்குப் போய்ச் சேரவில்லை போலும். பால் வற்றட்டும் என்று கருப்பம்மாள் மாரில் மல்லிகைப்பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம்தான் பெரும்பாடு. அது ஆடுகள் ஈன்றிருந்த சமயம். பச்சைக் குட்டிகளின் மேல் மூங்கில் கூடுகளைக் கவிழ்த்து மூடிவிட்டுத் தாய் ஆடுகளை மட்டும் மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். பொழுது சாய ஆடுகள் திரும்பும்போது தாயின் குரல் கேட்டுக் கூட்டுக்குள் இருக்கிற அத்தனை குட்டிகளும் கத்தும். அந்தச் சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் இசைவாணிக்கு மார் கடுத்து, ரவிக்கை நனைந்துவிடும். ஆட்டுக்குட்டி கத்தினால் மனுஷிக்குப் பால் வருமா? வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அப்படிக் கிடந்த ஒரு சாயங்காலம் காளீஸ்வரன் வாசற்படி வரை வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

மறுநாள் விடிந்து பார்த்தால் பட்டி காலி.

"ஆட்டையெல்லாம் பத்திக்கிட்டுக் கெளம்பிட்டான் ஆத்தா, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கிடை போடணுமாம்" என்று கருப்பம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிடை என்றால் எருவுக்காக அடுத்தவர் வயலில் ஆட்டை அடைத்துப்போடுவது. கொஞ்ச நாளுக்கு வீட்டுப் பக்கமே வர முடியாது. பெண்டாட்டி பச்சை உடம்புக்காரியாகப் படுத்துக் கிடக்கிறாள், பிள்ளையைப் புதைத்த மண் காயவில்லை, இவனுக்குக் கிடை கேட்கிறதா?

இசைவாணி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அன்பரசன் கம்பெனி வேனோடு வந்து இறங்கினான். "கல்லோட குடும்பம் நடத்த முடியுமா? நீ வா தாயி, வீட்டுல இருந்துக்கோ. ஞாயித்துக்கெழமை ரெண்டு பக்கமும் நாலு பெரிய மனுசங்களை வச்சுப் பேசி அத்து விட்டுருவோம்" என்றான். அவள் சரி என்றாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

விஸ்வநத்தத்துக்குப் போன பிறகு ஒரு நாள் கருப்பம்மாள் அவளைப் பார்க்க வந்தாள். மகனுக்காகப் பரிந்து பேச வரவில்லை. அவளும் மகனைத் திட்டித் தீர்க்கத்தான் வந்திருந்தாள்.

"அவனுக்குப் புத்தி பெரண்டு போச்சு தாயி. குட்டி போட்ட ஆட்டை எவனாச்சும் வெளியூர்க் கிடைக்குப் பத்துவானா? ஆட்டுக்காரன் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே! பச்சைக் குட்டியெல்லாம் சைக்கிள்ல கூடை கட்டித் தூக்கிட்டுப் போயிருக்கான். வெயில்ல ரெண்டு குட்டி செத்துப்போச்சாம்."

இசைவாணிக்குச் சுருக்கென்றது. காளீஸ்வரன் குட்டியைச் சாகவிட்டானா? மழையில் தான் நனைந்துகொண்டு குட்டிக்குச் சாக்குப் போர்த்துகிறவன் ஆயிற்றே. ஏதோ ஒன்று அவனை விரட்டியிருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் முன்னால் உட்கார அவளுக்கு மனம் ஒப்பவில்லை. எதற்காகப் போனீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி, நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். பதில் வராவிட்டால் அத்தோடு சரி. அண்ணன் கம்பெனிக்குப் போன நேரம் பார்த்து பஸ் ஏறினாள்.

ஏழாயிரம்பண்ணையில் இறங்கி, சுந்தரபாண்டி என்கிறவரின் கரிசல் காட்டுக்கு வழி கேட்டபோது, மொபெட்டில் வந்த ஒரு பெண் வண்டியை நிறுத்தினாள். அந்தப் பகுதி மாட்டு டாக்டர், கற்பகவல்லி.

"காளீஸ்வரன் கிடைக்கா? நானும் அங்கனதான் போறேன். குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டிருக்கு. ஏறிக்கோங்க. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"சம்சாரம்" என்றாள் இசைவாணி. இன்னும் எத்தனை நாளைக்கு அந்தச் சொல் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "அவரு மாதிரி ஆடு பாக்குறவர நான் கண்டதில்லைம்மா. சீக்கு வர்றதுக்கு முன்னாலேயே தெரிஞ்சுக்கிடுவாரு. எப்பிடின்னு கேட்டா, 'அதுக்கு வலிக்கு, எனக்குத் தெரியுது'ம்பாரு. ஆனா இந்தத் தடவை பச்சைக் குட்டிகளை ஏன் இம்புட்டுத் தூரம் அலைக்கழிச்சாருன்னு கேட்டேன். வாயே தொறக்கலை."

பட்டாசுக் கம்பெனிகளின் தகரக் கூரைகளைத் தாண்டி, மக்காச்சோளம் அறுத்த காட்டில் கிடை தெரிந்தது. தாய் ஆடுகள் கூலிக்கு வைத்த பையனோடு மேய்ச்சலுக்குப் போயிருந்தன. வேலி ஓரத்தில் கூடுகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. வேலமர நிழலில் குட்டி ஒன்றுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்த காளீஸ்வரன் மொபெட் சத்தத்துக்குத் தலைநிமிர்ந்தான். பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்ததும் குட்டியை இறக்கிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு எதிரே ஓடிவந்தான்.

"வராத! இங்கன வராத! திரும்பிப் போ!"

இசைவாணிக்கு வண்டியிலிருந்து இறங்கிய கால் அப்படியே நின்றுவிட்டது. கேள்வியே கேட்க வேண்டாம், பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். டாக்டரம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. "என்ன காளீஸ்வரன் இது? கட்டுன பொண்டாட்டி இந்த வெயில்ல..." என்று ஆரம்பித்தாள்.

அவள் முடிப்பதற்குள், கஞ்சி பாதியில் நின்ற குட்டி பெரிதாகக் கத்தியது. அதைக் கேட்டு ஒரு கூட்டுக்குள் இன்னொன்று கத்தியது. பிறகு எல்லாம். இசைவாணி சட்டென்று இரண்டு கைகளையும் மாரோடு கட்டிக்கொண்டு குனிந்தாள். சேலை நனைந்தது.

"சொன்னேன்ல" என்றான் காளீஸ்வரன். குரல் அழுகிறவன் குரல் மாதிரி உடைந்தது. முகம் மட்டும் எப்போதும்போல எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. "வராதன்னு சொன்னேன்ல. குட்டி கத்துனா உனக்குப் பால் வருது. வலிக்கு. நீ பல்லக் கடிச்ச, சுவத்தப் பாத்துக்கிட்டுக் கிடந்த. எனக்கு இங்கன வலிச்சுது." தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் காட்டினான். "குட்டிய வாய மூடச் சொல்ல முடியாது. அதான் உனக்குக் கேக்காத தூரத்துக்குக் கொண்டாந்தேன். நீ ஏன் இங்கன வந்த?"

இசைவாணி நிழலில் போய் மண்ணில் உட்கார்ந்தாள். ஊரில் அத்தனை பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்களே, ஒருத்திக்காவது இது தெரிந்ததா? பெற்ற தாயைப் போல அருகிலேயே இருந்த மாமியாருக்குத் தெரிந்ததா? முகத்தையே பார்க்காதவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத் தன் பிழைப்பையே சைக்கிளில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

டாக்டரம்மா குட்டிகளுக்கு மருந்து புகட்டி முடித்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"வெக்கப்படாதீங்கம்மா. பால் குடுக்குற எந்த உசிரா இருந்தாலும், சின்னது கத்துனா தாய்க்கு உடம்பு ஆடிப்போகும். தன் குட்டியா, அடுத்ததோட குட்டியான்னு அது பாக்காது. நாய்க்குட்டி கத்துனதுக்குப் பசுமாடு கயித்த இழுத்துக்கிட்டு நின்னத நான் பாத்திருக்கேன். மனுசன்னு ஒருத்தன் வர்றதுக்குக் கோடிக்கணக்கான வருசம் முந்தியே வந்தது இது. மொதல்ல தாய்க்கும் குட்டிக்கும் நடுவுல இருந்துச்சு, அப்புறம் மந்தையில பக்கத்துல நிக்கிறதுக்கும் பரவுச்சு. ஒருத்தர் வலி இன்னொருத்தருக்கு வலிக்குதே, அதோட ஆரம்பம் இதுதான்னு படிச்சவங்க சொல்றாங்க."

"அப்ப எல்லாருக்கும் வலிக்கணும்ல டாக்டரம்மா? அவுகளுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?"

"எல்லாருக்கும் உண்டுதான். ஆனா நமக்குக் கதவு இருக்கு, தாங்க முடியலைன்னா சாத்திக்கிடுவோம். சில பேரு கதவில்லாமப் பொறந்துடுறாங்க. சத்தம், வெளிச்சம், அடுத்தவங்க அழுகை எல்லாம் நேரா உள்ள வந்து விழும். காதப் பொத்திக்கிட்டு ஓடத்தான் செய்வாங்க. அதுக்கு ஒரு பேரெல்லாம் இருக்கு. ஆட்டிசம்னு ஒண்ணு சொல்றாங்க, அதுவா இருக்கலாம். இவங்களுக்கு அடுத்தவங்க மனசு தெரியாதுன்னும் நெறையப் பேரு சொல்றாங்க. நான் ஆட்டுக்கு வைத்தியம் பாக்குறவ, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனா இந்த மனுசனுக்குத் தெரியாதுன்னு எவனாச்சும் சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். பஸ் ஸ்டாப்பில் விடட்டுமா என்று கேட்டதற்கு இசைவாணி தலையை ஆட்டி மறுத்தாள். மொபெட் புழுதிக்குள் மறைந்தது.

காளீஸ்வரன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்தபடி இருந்தார்கள். கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவளுக்குள் வேறொரு கேள்வி இத்தனை நாளும் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. யாரிடம் கேட்டாலும் பேச்சை மாற்றினார்கள், அதையெல்லாம் நினைக்காதே என்றார்கள். இவனுக்குப் பேச்சை மாற்றத் தெரியாது.

"நம்ம பிள்ளை எப்பிடி இருந்தா?"

"முடி நெறைய இருந்துச்சு" என்றான், ஆட்டின் அடையாளம் சொல்கிற அதே குரலில். "நெத்தி வரைக்கும். காது மடல் ஒட்டியிருந்துச்சு, உன்னுது மாதிரி. இடது கால்ல சுண்டுவெரலு பக்கத்து வெரலு மேல ஏறியிருந்துச்சு, என்னுது மாதிரி. கண்ணத் தொறக்கலை. கைய மூடியிருந்துச்சு. நர்சம்மா உள்ள விட்டாக. நான் வெரலக் குடுத்தேன். பிடிச்சுச்சு."

"பிடிச்சுச்சா?"

"விடியிற வரைக்கும் பிடிச்சிருந்துச்சு. அப்புறம் விட்டுருச்சு."

இசைவாணி அவனையே பார்த்தாள். "ராத்திரி பூராம் அங்கனயா இருந்தீக?"

"தாய் எந்திரிக்க முடியலைன்னா குட்டியத் தனியா விடக்கூடாது" என்றான்.

அவள் அழுதாள். யாரும் கட்டிப்பிடிக்காமல், யாரும் தலை தடவாமல், அந்தக் கரிசல் மண்ணில் உட்கார்ந்து தன் பிள்ளைக்காக முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். முடி, காது மடல், சுண்டுவிரல், மூடிய கை என்று அழுவதற்கு இப்போது அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தது. தான் மயங்கிக் கிடந்த ராத்திரியில் அது தனியாக இல்லை. எப்பேர்ப்பட்ட மனுஷனைக் கல் என்று சொல்லிவிட்டார்கள்!

வெகுநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை நம்மள அத்து விடப் பெரியாளுக வாராக, தெரியுமா?" என்றாள்.

"அம்மா ஆளு விட்டுச் சொல்லுச்சு."

"என்ன சொல்லப் போறீக?"

"உனக்கு எங்கன வலிக்காதோ, அங்கன இரு" என்றான்.

மேற்கே புழுதி கிளம்பியது. மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பிக்கொண்டிருந்தன. முதல் தாயின் குரல் கேட்டதும் கூடுகளுக்குள் குட்டிகள் முட்டி மோதத் தொடங்கின. காளீஸ்வரன் பதறி எழுந்தான்.

"ஆடு வந்துருச்சு. நீ கெளம்பு. ஓடையத் தாண்டிட்டா கேக்காது. ஓடு பிள்ள, ஓடு!"

அவள் அசையவில்லை. குட்டிகள் ஒன்றாகக் கத்தின. மார் கடுத்தது, ரவிக்கை நனைந்தது. இந்தத் தடவை அவள் கையைக் கட்டி மறைக்கவில்லை.

"கத்தட்டும்" என்றாள். "எம்பிள்ளைக்குன்னு வந்த பாலு. வத்துற வரைக்கும் வரட்டும். அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், ஞாயித்துக்கெழமை ஒருத்தரும் வர வேண்டாம்னு."

எழுந்து சேலையை வரிந்துகொண்டு, கத்துகிற குட்டிகளை நோக்கி நடந்தாள். முதல் கூட்டை அவளே தூக்கினாள்.